வரியைக் கூட்டினால், செலவைக் குறைத்தால் நாட்டின் கடன் குறையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் வெளியாகும் நாட்களில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான கேள்விகள்தான் எழுகின்றன. வரிச்சலுகை கொடுத்தால் கடன் ஏறுமா? மானியத்தை வெட்டினால் இறங்குமா? கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும் என்று தோன்றும் விஷயம் இது. ஆனால் அந்தக் கணக்கைத் தவறாகப் போட்ட நாடுகளில் கோடிக்கணக்கானவர்கள் வேலையும் சேமிப்பும் இழந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

பற்றாக்குறையும் கடனும் ஒன்றுதானா?

இல்லை. ஓர் ஆண்டில் வரவை மிஞ்சிப் போன செலவு பற்றாக்குறை. பல ஆண்டுப் பற்றாக்குறைகள் சேர்ந்து நிற்கும் பாக்கி கடன். "பற்றாக்குறையைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று ஒரு நிதியமைச்சர் சொன்னால், கடன் ஏறும் வேகம் பாதியாகியிருக்கிறது என்றுதான் பொருள். கடன் அப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது: முதன்மைப் பற்றாக்குறை. பழைய கடனுக்கான வட்டியைத் தள்ளிவிட்டு, மீதிச் செலவை வருவாயோடு ஒப்பிட்டால் கிடைப்பது. இன்றைய அரசு இன்று எடுக்கும் முடிவுகளின் தடம் இந்த எண்ணில்தான் தெரியும். வட்டி என்பது முன்பு இருந்தவர்கள் எடுத்த முடிவுகளின் பில்.

கடனை ஏன் எப்போதும் ஜிடிபியோடு ஒப்பிட்டே சொல்கிறார்கள்?

ஜிடிபி என்பது ஒரு நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி, அதாவது நாட்டின் வருமானம். கடனைச் சுமக்கப்போவது அந்த வருமானம் என்பதால். அமெரிக்காவைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 இல், அரசு தன் சொந்த நிதியங்களுக்குத் தர வேண்டியதைத் தவிர்த்து, வெளியாருக்குத் தர வேண்டியிருந்த கடன் சுமார் 24,000 கோடி டாலர். அன்றைய ஜிடிபியில் 106 சதவீதம். 1974 இல் அதே கடன் சுமார் 34,000 கோடி டாலர் ஆகிவிட்டது. ஆனால் ஜிடிபியில் அது 24 சதவீதம்கூட இல்லை. பழைய கடனை அடைத்துத் தீர்த்ததால் வந்த மாற்றம் அல்ல இது. கடன் வளர்ந்ததைவிடப் பொருளாதாரம் மிக வேகமாக வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதில் உண்மையான உற்பத்தியும் உண்டு, விலைவாசி ஏற்றமும் உண்டு.

கடன் விகிதம் ஏறுவதையும் இறங்குவதையும் எது தீர்மானிக்கிறது?

மூன்று விஷயங்கள்: முதன்மைப் பற்றாக்குறை, வட்டி விகிதம், பொருளாதார வளர்ச்சி. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

ஒரு நாட்டின் உற்பத்தி 100, கடன் 80 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 5 சதவீதம். ஆக ஓர் ஆண்டு வட்டி 4. விலையேற்றத்தையும் சேர்த்து வளர்ச்சி 6 சதவீதம். அடுத்த ஆண்டு உற்பத்தி 106. வட்டியைத் தவிர்த்த வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருந்தால் கடன் 84. அதை 106 ஆல் வகுத்தால் 79.2 சதவீதம். ஒரு ரூபாய்கூடக் கடனை அடைக்கவில்லை, வட்டியையும் கடன் வாங்கியே கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் விகிதம் இறங்கியிருக்கிறது. 0.8 அளவுக்கு முதன்மைப் பற்றாக்குறை வைத்தாலும்கூட விகிதம் 80 இலேயே நின்றிருக்கும்.

இப்போது வளர்ச்சியை மட்டும் 3 சதவீதமாக மாற்றுங்கள். உற்பத்தி 103, கடன் அதே 84. விகிதம் 81.6. இந்த முறை விகிதம் 80 இல் நிற்க வேண்டுமென்றால் அரசு 1.6 உபரி காட்ட வேண்டும். அதே நாடு, அதே கடன், அதே வட்டி. வளர்ச்சி ஒன்று மாறியதும் 0.8 பற்றாக்குறைக்கு இடம் இருந்த நாட்டுக்கு 1.6 உபரி தேவைப்படுகிறது.

இனி வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை. ஒரு வரி மாற்றமோ செலவு மாற்றமோ முதன்மைப் பற்றாக்குறையை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடாது. வளர்ச்சியையும் வட்டியையும் சேர்த்தே அசைக்கும். அறிவிப்பில் இருக்கும் தொகைக்கும் கடனில் கடைசியாகத் தெரியும் விளைவுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

செலவைக் குறைத்தால் கடன் குறைந்துதானே ஆக வேண்டும்?

தொகையாகக் குறையலாம். விகிதமாகக் குறையும் என்று உறுதி இல்லை. அரசு செய்யும் செலவு இன்னொருவருடைய வருமானம். அதை நிறுத்தினால் அவர் செலவு செய்வது குறையும். அவரை நம்பியிருந்தவருக்கும் குறையும். அரசு செலவில் ஒரு ரூபாயைக் குறைக்கும்போது உற்பத்தி எத்தனை ரூபாய் குறைகிறது என்பதைப் பொருளியலில் பெருக்கி என்கிறார்கள்.

மேலே சொன்ன நாட்டில் அரசு செலவை 1 குறைக்கிறது. உற்பத்தியில் 30 சதவீதம் வரியாக வருகிறது என்று கொள்வோம். பெருக்கி 0.5 என்றால் உற்பத்தி 99.5 ஆகும், வரி வருவாய் 0.15 குறையும், கடன் 79.15 ஆகும். விகிதம் 79.55. சரி, கொஞ்சமாவது இறங்கியது. பெருக்கி 1.5 என்றால் உற்பத்தி 98.5, கடன் 79.45. விகிதம் 80.66. வெட்டிய பிறகு சுமை ஏறியிருக்கிறது. ஏற்கெனவே கடன் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சீக்கிரம் இந்த வலை இறுகும். கடன் 180 ஆக இருந்தால் பெருக்கி 1 என்ற அளவே போதும், விகிதம் 181 ஐத் தாண்டிவிடும்.

கிரீஸில் இதை உலகமே பார்த்தது. 2009 இல் அதன் கடன் ஜிடிபியில் சுமார் 127 சதவீதம். அடுத்த ஆண்டுகளில் ஓய்வூதியம், சம்பளம், மருத்துவச் செலவு எல்லாம் வெட்டப்பட்டன, வரிகள் உயர்ந்தன. 2012 இல் கடன் கொடுத்திருந்த தனியார் தங்கள் கடன் பத்திரங்களின் முகமதிப்பில் பாதிக்கும் மேல் விட்டுக்கொடுத்தார்கள். அத்தனைக்கும் பிறகு 2014 இல் விகிதம் 180 சதவீதத்தை எட்டியிருந்தது. காரணம், பொருளாதாரம் கால்வாசி சுருங்கிப்போனது. அப்போது பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஒலிவியே பிளான்ஷார், தன் சகாவான டேனியல் லீயுடன் சேர்ந்து 2013 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நெருக்கடியின் தொடக்க ஆண்டுகளில் முன்கணிப்பாளர்கள் பெருக்கியைச் சுமார் 0.5 என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள், உண்மையில் அது பல நாடுகளில் 1 ஐத் தாண்டியிருக்கும் என்பது அதன் முடிவு. ஒரு தசம எண்ணில் நேர்ந்த பிழைக்கு, மருந்து வாங்க முடியாமல் போனவர்களும் வேலையில்லாமல் நாட்டைவிட்டுப் போன இளைஞர்களும் விலை கொடுத்தார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகிறது.

அப்படியானால் சிக்கனமே தவறா?

அப்படிச் சொல்லவில்லை. காலமும் சூழலும் பார்த்துச் செய்த சிக்கனம் பலன் தந்ததும் உண்டு. 1990களின் நடுவில் கனடாவின் மத்திய அரசு தன் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. 1995 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பால் மார்ட்டின் பெரிய வெட்டுகளை அறிவித்தார். மூன்றே ஆண்டுகளில் உபரி வந்தது. ஜிடிபியில் மூன்றில் இரண்டு பங்காக இருந்த மத்தியக் கடன் 2008-09 வாக்கில் 30 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது.

கிரீஸில் தோற்றது கனடாவில் ஏன் ஜெயித்தது? பக்கத்து நாடான அமெரிக்காவில் பொருளாதாரம் சுறுசுறுப்பாக இருந்தது. கனடாவின் சரக்குகளை அது வாங்கிக்கொண்டது. கனடாவுக்குச் சொந்த நாணயம் இருந்தது, அதன் மதிப்பு இறங்கியபோது ஏற்றுமதி சுலபமானது. மத்திய வங்கியால் வட்டியைக் குறைக்கவும் முடிந்தது. அரசு விட்டுச்சென்ற இடத்தைத் தனியாரும் வெளிநாட்டுச் சந்தையும் நிரப்பின. யூரோ என்ற பொது நாணயத்துக்குள் இருந்த கிரீஸுக்கு இதில் எதுவுமே கைவசம் இல்லை. சுற்றியிருந்த நாடுகளும் அதே நேரத்தில் வெட்டிக்கொண்டிருந்தன. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: கனடாவின் வெட்டில் ஒரு பகுதி, மருத்துவத்துக்கும் கல்விக்கும் மாகாணங்களுக்குக் கொடுத்துவந்த பணத்தைக் குறைத்ததால் வந்தது. மத்தியக் கணக்கில் குறைந்த சுமையில் ஒரு பங்கு மாகாணங்களின் தலையில் போய் உட்கார்ந்தது.

வரியைக் குறைத்தால் தொழில் பெருகி, போன பணம் தானாகவே திரும்பி வந்துவிடும் என்கிறார்களே?

ஒரு பகுதி திரும்பி வரும். முழுவதும் வருவது மிக அபூர்வம். உற்பத்தியில் 25 சதவீதம் வரியாக வரும் நாட்டில் 1 ரூபாய் வரியைக் குறைத்தால், அதை மீட்க உற்பத்தி 4 ரூபாய் கூட வேண்டும். அவ்வளவு வலிமையான வரிச்சலுகை, வரி விகிதம் ஏற்கெனவே தாங்க முடியாத உயரத்தில் இருக்கும் இடத்தில் மட்டுமே சாத்தியம்.

அமெரிக்காவில் 2017 இறுதியில் நிறைவேறிய சட்டம் நிறுவன வரியை 35 இலிருந்து 21 சதவீதமாகக் குறைத்தது; தனிநபர் வரிகளும் குறைந்தன. அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2018 இல் போட்ட கணக்குப்படி, கூடுதல் வளர்ச்சியால் திரும்பி வருவதைக் கழித்துக்கொண்டு, கூடுதல் வட்டியையும் சேர்த்துப் பார்த்தால், 11 ஆண்டுகளில் பற்றாக்குறை சுமார் 1.9 லட்சம் கோடி டாலர் கூடும்.

இலங்கையின் கதை இன்னும் கடுமையானது. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரி 15 இலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; வேறு பல வரிகள் நீக்கப்பட்டன அல்லது தளர்த்தப்பட்டன. ஜிடிபியில் 12 சதவீதத்தை ஒட்டியிருந்த அரசு வருவாய் இரண்டே ஆண்டுகளில் 8 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. இடையில் பெருந்தொற்று வந்து சுற்றுலா வருமானத்தையும் அடித்துப் போட்டது. கடனை அடைக்கும் திறனை மதிப்பிடும் தரநிர்ணய நிறுவனங்கள் நாட்டின் மதிப்பைக் குறைத்தன, வெளிச்சந்தையில் புதுக்கடன் கிடைக்கவில்லை, கையிருப்பு டாலர் கரைந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. வரிக்குறைப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அதற்கு முன்பே கடன் பெரிதாக இருந்தது. ஆனால் புயல் வரும்போது ஒதுங்க இருந்த ஒரே திண்ணையை அது இடித்துவிட்டது. குறைத்த அதே வரி 2024 ஜனவரியில் 18 சதவீதத்தில் வந்து நின்றது. எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற மக்களே அதையும் கட்டுகிறார்கள்.

வரியைக் கூட்டுவது நல்லதா, செலவைக் குறைப்பது நல்லதா?

பொருளியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் கேள்வி. வரி உயர்வைவிடச் செலவுக் குறைப்பு வளர்ச்சியைக் குறைவாகப் பாதிக்கிறது என்று அல்பெர்ட்டோ அலெசினாவும் அவருடைய சகாக்களும் நீண்டகாலம் எழுதிவந்தார்கள். மந்தகாலத்துக்கு அது பொருந்தாது என்று மறுப்பவர்களும் நிறையப் பேர்.

என்னைக் கேட்டால் "வரி", "செலவு" என்ற இரண்டு பெட்டிகளே போதாது. எந்த வரி, எந்தச் செலவு என்று கேட்க வேண்டும். கையில் உள்ளதை முழுக்கச் செலவழித்துவிடும் ஏழைக் குடும்பத்திடமிருந்து எடுக்கும் ஒரு ரூபாய், சந்தையிலிருந்து உடனே மறையும். பெரும் சொத்து வைத்திருப்பவரிடமிருந்து எடுக்கும் ஒரு ரூபாய் பெரும்பாலும் சேமிப்பிலிருந்து வரும். அதேபோல, யாருக்கும் பயனில்லாத ஒப்பந்தத்தை நிறுத்துவதும் தடுப்பூசித் திட்டத்தை நிறுத்துவதும் கணக்கில் ஒரே தொகையாக இருக்கலாம். பத்து ஆண்டு கழித்துக் கடனில் காட்டும் விளைவு வேறு வேறு.

நியாயமாக இருக்கிறது என்று மக்கள் ஏற்கவில்லையென்றால், நல்ல கணக்கும் காகிதத்திலேயே நின்றுவிடும். 2024 ஜூனில் கென்யாவில் புதிய வரிகளை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள், பலர் உயிரிழந்தார்கள், அதிபர் அந்த மசோதாவில் கையெழுத்திட மறுத்துப் பின்வாங்கினார். வட்டிச்சுமை மட்டும் அப்படியே இருந்தது.

கடன் வாங்கிச் சாலை, மின்சாரம், பள்ளி என்று போட்டால்?

வாங்கிய பணம் நாளைய உற்பத்தியைக் கூட்டினால் கடன் விகிதத்தின் கீழ்ப்பகுதியான ஜிடிபி பெரிதாகிறது. கடன் தன்னைத் தானே ஓரளவு தாங்கிக்கொள்ளும். "ஓரளவு" என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூலதனச் செலவு என்று தலைப்புப் போட்டுவிட்டால் மட்டும் வருமானம் வந்துவிடாது. கப்பல் வராத துறைமுகத்துக்கும் வட்டி உண்டு. மறுபக்கம், ஆசிரியர் சம்பளம் நடப்புச் செலவுக் கணக்கில் வருகிறது என்பதால் அது வீண் என்றும் ஆகாது. பாலத்தைப் பராமரிக்கும் செலவை இன்று தள்ளிப்போட்டால், நாளை புதுப்பாலத்துக்கான கடனாக அது திரும்பி வரும். பட்ஜெட் தலைப்புகளை அப்படியே நம்பாமல் பார்க்க வேண்டிய இடம் இது.

ஒருமுறைச் செலவும் நிரந்தரச் செலவும் கடனில் வேறுபடுமா?

மிகவும். வெள்ள நிவாரணத்துக்கு ஒரே ஒரு முறை ஜிடிபியில் 1 சதவீதம் செலவழித்தால் கடன் 1 சதவீதம் ஏறி, வளர்ச்சி நன்றாக இருந்தால் மெல்லக் கரையும். ஆண்டுதோறும் 1 சதவீதம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் மேலே மேலே அடுக்கப்படும், வட்டியும் கூடவே வளரும். வருவாய்ப் பக்கத்திலும் இதே கதைதான். அரசு நிறுவனப் பங்கை விற்று வந்த பணம் ஒருமுறை வரவு. அதை நம்பி நிரந்தர வரிக்குறைப்பை அறிவித்தால், மறு ஆண்டே ஓட்டை தெரியும்.

வெறும் அறிவிப்பே வட்டியை ஏற்றிவிடுமா?

ஏற்றிவிடும். 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். அதை எப்படி ஈடுகட்டுவது என்று சொல்லவில்லை. வழக்கமாக உடன் வரும் சுதந்திர அமைப்பின் மதிப்பீடும் வெளியிடப்படவில்லை. நீண்டகாலப் பத்திரங்களின் வட்டி சில நாட்களில் தாவிக் குதித்தது, ஓய்வூதிய நிதியங்கள் தடுமாறின, 28 ஆம் தேதி நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி பத்திரங்களை வாங்க இறங்க வேண்டியதாயிற்று. மூன்றே வாரங்களில் குவார்ட்டெங் பதவி இழந்தார், அறிவிப்புகளில் பெரும்பகுதி கைவிடப்பட்டது, பிரதமர் லிஸ் டிரஸும் விலகினார். வரிக்குறைப்பில் பெரும்பகுதி நடைமுறைக்கே வரவில்லை. ஆனால் அந்த வாரங்களில் வீட்டுக்கடன் வாங்கப் போனவர்களுக்கு வட்டி ஏறிவிட்டிருந்தது.

பணவீக்கம் கடனைக் கரைத்துவிடும் என்பது உண்மையா?

நீண்டகால, நிலையான வட்டியுள்ள, சொந்த நாணயக் கடனென்றால் ஓரளவு உண்மை. போருக்குப் பின் அமெரிக்காவில் அதுவும் நடந்தது. 1951 வரை மத்திய வங்கியே பத்திர வட்டியை ஏறவிடாமல் பிடித்துவைத்திருந்தது. இதற்கான விலையைச் சேமிப்பு வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள். அடுத்த முறை கடன் கொடுப்பவர்கள் ஏமாறத் தயாராக இருக்க மாட்டார்கள், முன்கூட்டியே கூடுதல் வட்டி கேட்பார்கள். குறுகியகாலக் கடனாக இருந்தால் அந்தக் கூடுதல் வட்டி சீக்கிரமே கணக்கில் ஏறிவிடும். வெளிநாட்டு நாணயக் கடனையோ பணவீக்கம் தொடவே தொடாது.

வரியும் செலவும் மாறாமலே கடன் எகிறுவது எப்படி?

இரண்டு வழிகளில் அது அதிகம் நடக்கிறது. ஒன்று, நாணய மதிப்புச் சரிவு. கடன் 80 இல் பாதி டாலரில் இருக்கிறது, டாலர் விலை ஒன்றரை மடங்காகிறது என்றால், ஒரு பைசா செலவழிக்காமலே கடன் 100 ஆகிவிடும். 2022 இல் இலங்கை ரூபாய் டாலருக்குச் சுமார் 200 இலிருந்து 360 வரை சரிந்தபோது நடந்தது இதுதான்.

இன்னொன்று, பட்ஜெட்டுக்கு வெளியே தூங்கிக்கொண்டிருக்கும் பொறுப்புகள். அயர்லாந்து 2007 இல் ஜிடிபியில் சுமார் 25 சதவீதக் கடனோடு ஐரோப்பாவின் நல்ல பிள்ளையாக இருந்தது. வீட்டுமனை விலை சரிந்து, வங்கிகள் கவிழ்ந்து, அவற்றை அரசு தூக்கி நிறுத்தியதில் 2010 இல் மட்டும் பற்றாக்குறை ஜிடிபியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. 2012 இல் கடன் 120 சதவீதம். வீட்டுமனை விற்பனை சூடாக இருந்த ஆண்டுகளில் வந்த வரியை நிலையான வருவாய் என்று நம்பியதும் அந்த வீழ்ச்சியில் ஒரு பங்கு.

எத்தனை சதவீதம் வரை கடன் பாதுகாப்பானது?

அப்படி ஒரு மாய எண் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்காக 1992 இல் கையெழுத்தான மாஸ்டிரிக்ட் ஒப்பந்தம், ஜிடிபியில் கடனுக்கு 60 சதவீதம், பற்றாக்குறைக்கு 3 சதவீதம் என்று வரம்பு வைத்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவது விலையேற்றத்தோடு சேர்ந்த வளர்ச்சி 5 சதவீதம் இருந்தால்தான்: 60 உடன் 3 சேர்ந்து 63, அதை 105 ஆல் வகுத்தால் மறுபடியும் 60. வளர்ச்சி குறைந்தால் அந்த ஜோடி பொருந்தாது.

2010 இல் பொருளியலாளர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும், கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே என்று காட்டினார்கள். சிக்கனத்துக்கு ஆதரவாக உலகெங்கும் அது மேற்கோள் காட்டப்பட்டது. 2013 இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்களும் அந்தக் கணக்கில் விரிதாள் பிழையும் விடுபட்ட தரவுகளும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். திருத்திப் போட்டபோது சராசரி 2.2 சதவீதம் வந்தது. கடன் அதிகமான நாடுகள் மெதுவாக வளர்வது உண்மைதான், ஆனால் 90 இல் பள்ளம் எதுவும் இல்லை. ஜப்பான் 200 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொண்டும் பெரும்பாலும் சொந்த மக்களிடம், சொந்த நாணயத்தில் கடன்பட்டிருப்பதால் சமாளித்துவருகிறது. அதில் பாதி அளவு கடனிலேயே வேறு நாடுகள் சரிந்திருக்கின்றன. கடனின் அளவைவிட, வருவாயில் எவ்வளவு வட்டிக்குப் போகிறது, கடன் யாரிடம், எந்த நாணயத்தில், எப்போது திருப்ப வேண்டும் என்பவற்றையே நான் முதலில் பார்ப்பேன்.

கடனை ஒட்டுமொத்தமாக அடைத்துவிட்டால் நிம்மதிதானே?

ருமேனியாவின் சர்வாதிகாரி நிக்கோலே சௌசெஸ்கு அதைத்தான் செய்தார். 1980கள் முழுவதும் உணவையும் எரிபொருளையும் ஏற்றுமதி செய்து, மக்களைக் குளிரிலும் இருட்டிலும் வைத்து வெளிநாட்டுக் கடனை அடைத்தார். 1989 ஏப்ரலில் கடன் தீர்ந்ததாக அறிவித்தார். அதே டிசம்பரில் மக்கள் எழுச்சியில் ஆட்சி வீழ்ந்தது. கடனில் பூஜ்யம் காட்டிய நாட்டில் வீடுகளை வெப்பமாக்க வழியில்லை.

ஒரு பட்ஜெட் அறிவிப்பைப் படிக்கும்போது எதைத் தேட வேண்டும்?

முதலில் முதன்மைப் பற்றாக்குறை போன ஆண்டைவிட ஏறியதா, இறங்கியதா என்று பாருங்கள். அப்புறம் எதிர்பார்க்கும் வளர்ச்சி என்று எந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கணக்கை அழகாகக் காட்ட மிக எளிய வழி அந்த எண்ணை ஒரு புள்ளி கூட்டிப் போடுவது. புதிய சலுகைக்கோ திட்டத்துக்கோ முடிவுத் தேதி உண்டா, நிரந்தரமா? அதை ஈடுகட்டும் வரவும் நிரந்தரமா? அரசு நிறுவனங்கள் பெயரில் வாங்கிய கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருக்கிறதா? இந்தக் கடைசி விவரம் பெரும்பாலும் உரையில் இருக்காது. பின்னிணைப்பில், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் ஓர் அட்டவணையில் இருக்கும். அங்கே போய்ப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.